பழுப்பு விரிப்பு ஒன்று

கார்பெட் சுத்தம் செய்யும் தொழிலுக்கு அரசாங்கப் பட்டியலில் எண் கிடையாது என்பது மாலை வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாள்தான் பாசிலுக்குத் தெரிந்தது.

வேட்டவலம் ரோட்டில், முன்னால் புங்கமரமும் பின்னால் சிமெண்டு முற்றமும் உள்ள கட்டடத்தில் இருக்கிறது சுயதொழில் தொடக்கநிலை வழிகாட்டு நடுவம். சொந்தத் தொழில் செய்ய நினைப்பவர்கள் அங்கே பதினைந்து நாள், தினமும் ஐந்திலிருந்து ஏழு மணி வரை உட்கார்ந்து எழுந்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அந்தப் பதினைந்து நாளில் தொழில் எப்படித் தொடங்குவது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார்கள். குத்துவிளக்கு ஏற்றும்போது யார் எங்கே நிற்பது, விண்ணப்பத்தில் இடது ஓரம் எத்தனை விரல் விடுவது, நன்றியுரையில் யார் பெயர் முதலில் வருவது என்று பாடத்திட்டம் விரிவாகவே இருந்தது.

பாசில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் 'சொன்னது' என்றும் வலது பக்கம் 'புரிந்தது' என்றும் எழுதிவைத்தான். இடது பக்கம் மளமளவென்று நிறைந்தது. வலது பக்கம் வெறுமையாகவே இருந்தது. தனக்குத்தான் ஏதோ குறை என்று அவன் நினைத்தான். ஷார்ஜாவில் ஒரு ஓட்டலில் ஆறு வருடம் கார்பெட் சுத்தம் செய்தவனுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டியபோதெல்லாம் அவனும் தலையாட்டினான். அவர்கள் அவனைப் பார்த்துத்தான் ஆட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

அவனுக்கு அந்தச் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டது. செங்கம் ரோட்டில் அருணாதேவி என்கிற அம்மாவுக்கு ஒரு பெரிய விருந்தினர் விடுதி இருந்தது. அதன் தியானக் கூடத்தில் முப்பத்திரண்டு கம்பளி விரிப்புகள். கார்த்திகை தீபத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குவதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த அம்மா சென்னையில் இருப்பவர். போனில் மட்டும்தான் பேசினார். போன தடவை யாரோ ஒருவன் சோப்புத்தூள் போட்டு நாலு விரிப்பைச் சாயம் போக்கிவிட்டானாம். அதனால் நடுவத்தின் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்றார். நவம்பர் பதிமூன்றாம் தேதி நேரில் வருவதாகவும், அன்றைக்குக் கையில் சான்றிதழ் இருந்தால் வருடம் முழுவதற்கும் அவனுக்கே தந்துவிடுவதாகவும், இல்லையென்றால் சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

ஷார்ஜா முதலாளியும் அந்த வாரம் வரைதான் அவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பார். அவனுடைய நாலு வயது மகள், அவன் ஊர் திரும்பிய முதல் வாரம் முழுக்க, "இந்த மாமா எப்போ ஊருக்குப் போவாரு?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரம் கேட்பதை நிறுத்தினாள். மூன்றாவது வாரம் அவன் முதுகில் ஏறினாள். மறுபடி விமானம் ஏறினால் அந்த முதுகு எதற்கு என்று பாசில் யோசித்தான்.

"நீங்க கவலப்படாதீங்க. இங்க அழுக்கு இருக்குது, உங்ககிட்ட மெஷின் இருக்குது. இதுல என்ன வந்துடப்போகுது?" என்றாள் அவன் மனைவி மெஹ்விஷ்.

அவள் நடுவத்துக்குப் போனதில்லை.

எண் இல்லாத விஷயத்தைக் கண்டுபிடித்தவர் வினோதினி. பதிவேட்டுப் பிரிவு எழுத்தர். கெட்டவர் அல்ல. பட்டியலில் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு தொழில்களையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். துணி சலவை இருந்தது, ஆனால் கார்பெட்டை யாரும் உடுத்துவதில்லை. தரை துப்புரவு இருந்தது, ஆனால் கார்பெட் தரை அல்ல, தரைமேல் கிடப்பது. கடைசியில் அவர் முகம் மலர்ந்தது.

"கம்பளிதானேண்ணா? கம்பளின்னா ஆடு. 'கால்நடை சார்ந்த இதர பணிகள்'ல போட்டுடலாம். கால்நடை ஆஸ்பத்திரில ஒரு சர்ட்டிபிகேட் மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க."

பாசில் இடது பக்கம் எழுதிக்கொண்டான். மறுநாள் காலை ஒரு சின்ன கம்பளி விரிப்பைச் சுருட்டி வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு போய், சினையாடு ஒன்றுக்கும் கால் நொண்டிய கன்றுக்கும் நடுவில் வரிசையில் நின்றான். ஆட்டுக்காரம்மா விரிப்பைப் பார்த்து, "உன்னுதுக்கு என்னாப்பா உடம்பு?" என்று அக்கறையாகக் கேட்டாள். டாக்டர் எதுவும் கேட்கவில்லை. நடுவத்தின் பெயரைச் சொன்னதும் பெருமூச்சு விட்டு, விரிப்பை மேசைமேல் வைக்கச் சொல்லி, உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். போன மாதம் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் வந்திருந்தாராம். 'பரிசோதித்தேன். காய்ச்சல் இல்லை. தொற்றுநோய் அறிகுறிகள் தென்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, 'தீவனம் எடுப்பதில்லை' என்பதையும் சேர்த்தார். அவர் நேர்மையான மனிதர்.

எண் கிடைத்தது. அடுத்தது செய்முறைத் தேர்வு. தொழில் தெரியும் என்று விண்ணப்பதாரர், நடுவத்தின் தேர்வுக் குழுவின் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. எந்தக் கார்பெட்டில் செய்து காட்டுவது என்று கேட்டதும், நடுவத்தின் மேலாளர் கலையரசன் பெருந்தன்மையோடு கூட்ட அரங்கில் கிடந்த விரிப்பையே கைகாட்டினார்.

பதினாறடிக்குப் பத்தடி. பதினோரு வருடமாக அங்கே கிடக்கிறது. நிறம் பழுப்பு. அதன்மேல் சிறப்பு விருந்தினர்கள் நடந்திருக்கிறார்கள், டீ கவிழ்ந்திருக்கிறது, பஜ்ஜி விழுந்திருக்கிறது, நன்றியுரைகள் நீண்டிருக்கின்றன. பாசில் குனிந்து ஒரு ஓரத்தைக் கையால் தட்டினான். எழுந்த புழுதியில் குழுவினர் இருமினார்கள்.

தேர்வுக்கு முன்னால் கலையரசன் பேசினார். அவர் பேசாமல் அங்கே மின்விசிறிகூடச் சுற்றியதில்லை.

"இந்த நடுவம் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆவுது. இங்க பயிற்சி எடுத்தவங்கள்ல ஒருத்தராவது தொழில்ல நஷ்டப்பட்டாங்கன்னு யாராவது சொல்ல முடியுமா? முடியாது. ஏன்னா, நாங்க ஒருத்தரையும் அவசரப்பட்டு ஆரம்பிக்க உட்டதில்ல. உங்களுக்கெல்லாம் ஆர்வம் இருக்குது. ஆர்வம் ஆபத்தானது. அதைக் கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்றதுதான் எங்க வேல."

கைதட்டினார்கள். பாசிலும் தட்டினான்.

பிறகு வேலையைத் தொடங்கினான். அங்கே மட்டும் அவனுக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. முதலில் விரிப்பைப் பின்முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தலைகீழாகப் போட்டுத் தட்டினான். புழுதியை மெஷினால் உறிஞ்சினான். வெள்ளைத் துணியை நனைத்து மூலையில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்தான். போகவில்லை. ஷாம்பு தெளித்து, ஊறவிட்டு, சுழலும் பிரஷ்ஷால் வரிசை வரிசையாகத் தேய்த்து, தண்ணீரை உறிஞ்சினான். முதல் வாளித் தண்ணீர் கரியைக் கரைத்த மாதிரி வந்தது. ஐந்தாவது வாளி டிகாக்ஷன். ஒன்பதாவது வாளியில் அடி தெரிந்தது.

விரிப்பு நீலமாக இருந்தது.

வெறும் நீலம் இல்லை. மழை விட்ட சாயங்காலத்தில் மலைக்குப் பின்னால் தெரியுமே, அந்த நீலம். ஓரம் முழுக்க மஞ்சளில் மாங்காய் வேலைப்பாடு. குழுவினர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். அங்கே தற்காலிகமாகப் பெருக்கும் தங்கம்மாள் துடைப்பத்தைச் சாய்த்துவைத்துவிட்டு வந்து நின்றாள்.

"நான் வேலைக்கு வந்த புதுசுல இப்பிடித்தான் கண்ணு இருந்துச்சு. நானே மறந்துட்டேன்" என்றாள்.

தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. வீட்டுக்குப் போய் மெஹ்விஷிடம் சொன்னான். அன்றைக்கு நோட்டின் வலது பக்கத்தில் முதல் தடவையாக ஒரு வரி எழுதினான்: 'வேலை தெரிந்தால் போதும்.'

மறுநாள் சாயங்காலம் போனபோது வினோதினி பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தார். வரிசை எண் நாற்பத்தேழு: தரைவிரிப்பு, பழுப்பு, ஒன்று. பக்கத்தில் அதன் புகைப்படம். படத்தில் கலையரசன் விரிப்பின்மேல் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முதல் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டதால், ஒன்பது வருடத்துக்கு முன்னால் கண்ணால் பார்த்து எழுதிய பதிவேடு அது. பதினான்காம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள். வந்து பார்த்தால் பழுப்பு விரிப்பு ஒன்று குறையும். பதிவில் இல்லாத நீல விரிப்பு ஒன்று கூடும். குறைந்ததற்கு ஒரு கோப்பு, கூடியதற்கு ஒரு கோப்பு. இரண்டுக்கும் பாசில்தான் பதில் சொல்ல வேண்டும்.

"மேடம், அதே விரிப்புதான். உங்க கண்ணு முன்னாலதானே கழுவினேன்."

"எனக்குத் தெரியுதுண்ணா. பதிவேட்டுக்குத் தெரியணுமே."

தங்கம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றான் பாசில். தற்காலிகப் பணியாளருக்கு நிரந்தரப் பொருட்களைப் பற்றிச் சாட்சி சொல்ல அதிகாரமில்லை என்று விதி இருந்தது.

கலையரசனிடம் போனார்கள். அவர் கோபப்படவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். சுத்தம் செய்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது அல்லவா என்று பாசில் தயங்கித் தயங்கிக் கேட்டான். மேலாளர் அவனை, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, இப்ப சுத்தம் பண்ணோம்னு எழுதுனா, அதுக்கு முன்னால அழுக்கா இருந்துச்சுன்னு ஆவுமா இல்லையா? மாசத்துக்கு ரெண்டு தரம் சுத்தம் பண்ணதா பதினோரு வருஷமா நான் கையெழுத்து போட்டிருக்கேன். என் கையெழுத்து பொய்யின்னு நீ சொல்றியா?"

"இல்ல சார்."

"அப்போ விரிப்பு அழுக்கா இல்ல. அதோட கலரே பழுப்பு. நீ அத மாத்திட்ட. திறமசாலி, நான் இல்லன்னு சொல்லல. தொண்ணூத்தெட்டு மார்க்கு நான்தான் போட்டேன். ஆனா பழுப்பு விரிப்ப ஒப்படைச்சாத்தான் உன் சர்ட்டிபிகேட்ல கையெழுத்து போட முடியும். நானா இருந்தா இன்னிக்கே போட்டுடுவேன். இந்த நாற்காலி போட உடமாட்டேங்குது."

அவர் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். பாசிலும் நாற்காலியைப் பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் ஒரு கார்பெட்டை அழுக்காக்க ஆரம்பித்தான். அது அவ்வளவு சுலபமில்லை என்பதை அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். முதல் நாள் முற்றத்தில் விரித்து, செம்மண் கரைத்து ஊற்றினான். சாயங்காலம் பார்த்தபோது விரிப்பு செங்கல் நிறத்தில் இருந்தது. பதிவேட்டில் செங்கல் நிறம் இல்லை. பரவாயில்லை, காய்ந்தால் மங்கும் என்று விட்டுவிட்டுப் போனான். ஐப்பசி மழை ஒரு பாட்டம் அடித்து, காலையில் வந்தபோது முன்னைவிட நீலமாகக் கிடந்தது.

பதினோரு வருடத்து அழுக்குக்குப் பதினோரு வருடத்துக் கால்கள் வேண்டும். அந்தக் கணக்கை யோசித்தபோதுதான் பௌர்ணமி ஞாபகம் வந்தது. கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் வெறுங்காலோடு வருகிறார்கள். ஒரு சாயங்காலம் பாதையில் விரித்துப்போட்டால் போதாதா? மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினான். அவர், 'பொருளின் மூல நிறத்தை மீட்கும் பொருட்டு' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாய்கிற நேரத்தில் பாதையின் குறுக்கே விரித்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான்.

முதலில் வந்தவர்கள் நின்றார்கள். மழைச் சேறு பூசிய கால்களைப் பார்த்தார்கள். நீல விரிப்பைப் பார்த்தார்கள். சுற்றிக்கொண்டு போனார்கள். அடுத்து வந்தவர்கள், முன்னால் போனவர்கள் சுற்றிப் போனதைப் பார்த்து, ஏதோ காரணம் இருக்கும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் பூ வைத்தார். பூவைப் பார்த்து ஒரு அம்மா கற்பூரம் வைக்க வந்தாள். பாசில் ஓடிப்போய்த் தடுத்து, மிதிக்கச் சொல்லிக் கெஞ்சினான்.

"மிதிங்கம்மா. ஒன்னும் ஆவாது. நல்லா அழுத்தி மிதிங்க."

"இன்னிக்கிப் போயி அப்பிடி பேசலாமாப்பா?" என்று அந்த அம்மா விபூதி எடுத்து விரிப்பின்மேலும் அவன் நெற்றியிலும் பூசிவிட்டுப் போனாள். கடைசியாகத் தொண்டர்கள் நாலு பேர் புதுத் துடைப்பங்களோடு வந்து, ஐந்தே நிமிடத்தில் மொத்த விரிப்பையும் துப்புரவாகப் பெருக்கிச் சுருட்டி, பயபக்தியோடு அவன் கையில் கொடுத்தார்கள். அன்றைக்கு அவ்வளவு கூட்டத்தில் அழுக்காகாமல் திரும்பியது அந்த விரிப்பு ஒன்றுதான்.

வீட்டில் மெஹ்விஷ் அவன் நெற்றியைப் பார்த்தாள். துணியை நனைத்துக் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, வகுப்பில் ஒரு பாடம் என்றான். மகள் விரிப்பின் ஒரு ஓரத்தை விரித்துப் படுத்துக்கொண்டு, இது நம்ம வீட்டுக்கா என்று கேட்டாள். இல்லை என்றான். கீழே இறங்கச் சொன்னான். பிறகு ஏதோ தோன்றி, கால் கழுவாமல் ஏறி நன்றாகக் குதிக்கச் சொன்னான். அவள் ஆசை தீரக் குதித்தாள். நாலு வயதுக் காலில் பதினோரு வருடத்து அழுக்கு எங்கே இருக்கும்?

மிச்சம் இருந்தது ஆறு நாள். பாசில் நோட்டை எடுத்து, எந்த நாளில் எந்த அழுக்கு என்று அட்டவணை போட்டான். கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை உடைக்கும் மில்லிலிருந்து ஒரு மூட்டை மல்லாட்டைத் தொலித் தூள் கொண்டுவந்தான். டீக்கடைகளில் சக்கையைக் கேட்டு வாங்கினான். மெக்கானிக் கடையிலிருந்து பழைய இஞ்சின் ஆயில். மூன்றையும் எந்த அளவில் கலந்தால் எந்தப் பழுப்பு வரும் என்று சின்னச் சின்னத் துணிகளில் போட்டுக் காயவைத்துப் பார்த்தான். ஷார்ஜாவில் அவனுக்குக் கற்றுக்கொடுத்த எல்லாமும் தலைகீழாகப் பயன்பட்டது. எந்தக் கறை இழைக்குள் இறங்கும், எது மேலோடு நின்றுவிடும், எது எந்த ஷாம்புக்கும் அசையாது என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. தொழில் தொடங்க அவன் வாங்கி வைத்திருந்த அதே மெஷினால், அதே பிரஷ்ஷால், வரிசை வரிசையாக அழுக்கைத் தேய்த்து ஏற்றினான்.

குழுவினர் தினமும் மாலையில் புகைப்படத்தோடு வந்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வகுப்பு மாணவர்களையும் அழைத்துவந்து காட்டினார்கள். ஒரு மூலை வெளுத்திருக்கிறது என்றார்கள். மாங்காய் இன்னும் தெரிகிறது என்றார்கள். படத்தில் மேலாளரின் இடது காலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கறை இருக்கிறதே, அது எங்கே என்று ஒருவர் கேட்டார். பாசில் டீ வாங்கிவந்து, கலையரசனை அதே இடத்தில் அதே மாதிரி நிற்கவைத்து, அளந்து ஊற்றினான். மேலாளர் அதே மாதிரி சிரித்தார்.

தங்கம்மாள் மட்டும் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் தண்ணீர் பிடிக்க வந்தவள் நின்று பார்த்து, "பாவம், ஒரு நாள்தான் மூச்சு உட்டுச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பதிமூன்றாம் தேதி மதியம் ஓரத்தில் மூன்றடி மட்டும் பாக்கி. நாலரை மணிக்கு முடித்துவிட்டால் சான்றிதழில் கையெழுத்து. ஐந்து மணிக்குள் விடுதிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம். அருணாதேவிக்குக் காலையிலேயே போன் செய்து, சாயங்காலம் நடுவத்திலிருந்து நேராக வருகிறேன் என்று சொல்லியிருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கை வரை ஆயிலோடு முற்றத்தில் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஐம்பது வயது இருக்கும். காட்டன் புடவை. கையில் ஒரு கோப்பு. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நேராக முற்றத்துக்கே வந்தார். விரிப்பின் ஓரத்தில் மிச்சமிருந்த மூன்றடி நீலத்தையும் அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த பழுப்பையும் பார்த்தார். ஆயில் டப்பாவைப் பார்த்தார். அவர் முகம், அடிபட்ட நாயைப் பார்க்கிறவர்களின் முகம் மாதிரி ஆனது.

"இங்க பாசில்னு ஒருத்தர், கார்பெட் கிளீனிங் பண்றவர், இருப்பாராமே? வந்த வழியில அவரையே பார்த்து அக்ரிமெண்ட்ல கையெழுத்து வாங்கிடலாம்னு வந்தேன்."

போனில் கேட்ட அதே குரல்.

நான்தான் என்று சொல்வதற்கு வாய் திறந்தது. அதற்கு முன்னால் அவன் வழக்கம்போல முறையாக யோசித்துவிட்டான். நான்தான் என்றால், இது என்ன என்று கேட்பார். இது என்ன என்று சொல்வதற்குப் பதினைந்து நாள் வகுப்பும் நாற்பது பக்க நோட்டும் வேண்டும். அதற்குப் பிறகும் வலது பக்கம் காலியாகத்தான் இருக்கும். முப்பத்திரண்டு கம்பளியை எந்தப் பெண்மணி இந்தக் கையில் ஒப்படைப்பார்? அவனே கொடுக்கமாட்டான்.

"தெரியலீங்க மேடம்" என்றான். "நான் இங்க அழுக்கு பண்ற ஆளுங்க."

அவர் ஆச்சரியப்படவில்லை. அரசாங்க அலுவலகத்தில் அதற்கும் ஒரு ஆள் இருப்பார் என்பதுபோலத் தலையசைத்தார்.

"அவர் வந்தா, அருணாதேவி வந்துட்டுப் போனாங்கன்னு சொல்லிடுங்க. விடுதியில அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். நல்லா பேசினாரு போன்ல. இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் அவர் வராம இருக்கறதே நல்லது."

"சொல்லிடறேங்க."

கார் திரும்பியது. செங்கம் ரோட்டுப் பக்கமா, சென்னைப் பக்கமா என்று அங்கிருந்து தெரியவில்லை. சான்றிதழோடு ஐந்து மணிக்குப் போய் நின்றாலும் இதே முகத்தைத்தான் காட்ட வேண்டும். பாசில் எழுந்து நின்று, ஓடிப்போய்க் கூப்பிடலாமா என்று பார்த்தான். ஓடுவதற்குக் கை கழுவ வேண்டும். கை கழுவினால் விரிப்பு காய்ந்துவிடும்.

மாடி ஜன்னல் திறந்தது. கலையரசன் ஒரு கையில் பேனாவும் மறு கையில் அவனுடைய சான்றிதழுமாக எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அந்த ஓரத்துல இன்னும் நீலம் தெரியுது பாரு."

பாசில் மண்டியிட்டான்.